பேத்தியும் ஹெரால்டும்

என் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எல்லாருக்கும் தெரியும். நம்ம வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறை. அந்தப் பெருமையில்தான் பேத்தியை ஏற்றினேன்.

போன மாதம் கேம்ப் ரோடு சிக்னலில் திடீர் பிரேக். மனைவி மடியில் இருந்த 3 வயதுக் குழந்தையின் நெற்றி டேஷ்போர்டில் மோதிவிட்டது. இத்தனைக்கும் அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். வீங்கியதோடு போயிற்று.

என் வண்டியில் பெல்ட் கிடையாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லையென்றால் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். காசை விடுங்கள்.

வெறும் தகரத்தில் போல்ட் போட்டால் பிய்த்துக்கொண்டு வரும், அடியில் கனமான தகடு வைத்து முடுக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இரண்டு கதவு வண்டி; முன் சீட் கவிழாமல் இருக்கக் கொண்டியும் வேண்டும். அதுவரை பேத்திக்கு ஹெரால்ட் கிடையாது. தினமும் அழுகிறாள். சாவியை ஒளித்து வைத்திருக்கிறேன்.