சிரிக்க வைப்பவர்களின் கணக்கு

(பொங்கல் விழாவை அடுத்து நடந்த பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மேடைக்கு வராமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்ட பொருளாளர் அவர்களே, குடியிருப்பு நண்பர்களே, தாய்மார்களே!

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பொங்கல் நாடகத்தை எழுதி இயக்கியவன் என்ற முறையில் பேசச் சொன்னார்கள். "நாடகம் பிரமாதம் சார்" என்று படிக்கட்டில் பார்த்தவர்கள் எல்லாம் சொன்னீர்கள். சந்தோஷம். ஆனால் நாடகம் முடிந்த மூன்றாம் நாள் நமது பொருளாளர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். அந்த வரவையும் இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத புதுக் குடித்தனக்காரர்களுக்காகச் சொல்கிறேன். வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்பார்கள். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். மற்ற இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. அதை வைத்துத்தான் நாடகம் எழுதினேன். கோட்டைக்கு ஒரு ராஜா வருகிறார், குடிக்கத் தண்ணீர் இல்லை, இதுதான் கதை. பொருளாளர்தான் ராஜா. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பி பிளாக் தம்பி மந்திரி. மேடையில் தம்பி திடீரென்று, "மகாராஜா, கோட்டைக்கு வந்தது நாலு லாரித் தண்ணீர், கணக்கில் வந்தது அஞ்சு லாரி" என்று ஒரு போடு போட்டார். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஒத்திகையில் அந்த வரி கிடையாது. திரைக்குப் பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன். சிரித்தவர்களில் நான்தான் முதல் குற்றவாளி. ஏனென்றால், அதே தப்பை முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நானே செய்திருக்கிறேன்.

அதற்கு முன்னால், சிரிப்பைத் தொழிலாகச் செய்தவர்களைக் கொஞ்சம் பார்ப்போம்.

கவுண்டமணியையும் செந்திலையும் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு, 1989-ல் 'கரகாட்டக்காரன்' படத்தில் வாழைப்பழம். இந்த மாதிரி நகைச்சுவைப் பகுதிகளைத் தனியாக எழுதிக் கொடுத்தவர் ஏ. வீரப்பன். அவரும் ஒரு நடிகர்தான். அந்த வாழைப்பழக் காட்சியை யோசித்துப் பாருங்கள். கத்துவதும் அடிப்பதும் கவுண்டமணி. ஆனால் சிரிப்பு எங்கே இருக்கிறது? ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, மிச்சம் இருக்கும் பழத்தைக் காட்டி, அதுதான் இதுவென்று சாதிக்கும் செந்திலின் முகத்தில் இருக்கிறது. அடி வாங்குகிறவர் இல்லாவிட்டால் அடிப்பவருக்கு வேலையே இல்லை. நம் ஊர் பாஷையில் சொன்னால் ஷூ மாதிரி. இடதும் வலதும் ஒரே வடிவம் கிடையாது. ஆனால் ஒற்றைக் காலை எந்தக் கம்பெனியும் ஏற்றுமதி செய்ய முடியாது.

அடுத்து கிரேஸி மோகன். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். 1976-ல் எஸ்.வி. சேகரின் குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். அந்த நாடகத்தின் தலைப்பிலிருந்துதான் 'கிரேஸி' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979-ல் தம்பி பாலாஜியையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு கிரேஸி கிரியேஷன்ஸ் தொடங்கினார். அண்ணன் எழுத, தம்பி நாயகன். கூட சீனு மோகன் போன்ற நண்பர்கள். சோ குழுவில் நடித்த மூத்தவர் நீலுவும் பிற்பாடு இவர்களோடு வந்து நடித்தார்.

நாற்பது வருஷம் ஒரு குழு ஒன்றாக இருப்பது சாதாரண விஷயமா? நம்மால் நாற்பது நிமிடம் ஒரு பொதுக்குழுவை நடத்த முடியவில்லை! அவர் நாடகங்களை நான் கவனித்தவரை, அங்கே கேலி பெரும்பாலும் வார்த்தை மேலேதான் விழும். ஒருவர் ஒன்று சொல்வார், அடுத்தவர் வேறொன்றாகப் புரிந்துகொள்வார், அதிலிருந்து குழப்பம் கிளம்பும். மாது திண்டாடுவான். ஆனால் பாலாஜியின் வீட்டுச் சமாசாரம் மேடைக்கு வராது. நாயகிக்கு எப்போதும் ஜானகி என்று பெயர் வைப்பார். சின்ன வயதில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் அது. சிரிப்புக்கு நடுவே ஒரு நன்றிக்கடன்.

2018 மே மாதம் நீலு போனார். டிசம்பரில் சீனு மோகன். 2019 ஜூன் 10-ம் தேதி கிரேஸி மோகனே போய்விட்டார். பதின்மூன்று மாதத்தில் மூன்று பேர். அதற்குப் பிறகும் மாது பாலாஜி அந்தக் குழுவை நடத்துகிறார். குழு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இளைஞர்கள் 'லொள்ளு சபா' பார்த்திருப்பீர்கள். விஜய் டிவியில் ராம்பாலா இயக்கத்தில் வந்தது. சந்தானம், சுவாமிநாதன், மனோகர் எல்லாம் அதில் வளர்ந்தவர்கள். சந்தானம் பெரிய ஆளாகிவிட்டார். ஆனாலும் 2016-ல் 'தில்லுக்கு துட்டு' படத்தை இயக்கியது அதே ராம்பாலா. மாறன், சேஷு போன்ற பழைய கூட்டாளிகளை அவருடைய பிற்காலப் படங்களிலும் பார்க்கிறோம். ஒருவர் உயரமாக வளர்ந்த பிறகு பழைய ஆட்களோடு சேர்ந்து நிற்பது சுலபமான காரியமில்லை. வேலை இடத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

இனி பிரிந்தவர்களின் கதை. அமெரிக்காவில் அபோட், காஸ்டெல்லோ என்று ஒரு ஜோடி. உலகமே சிரித்தது. 1945-ல் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. காரணம் என்ன தெரியுமா? காஸ்டெல்லோ தன் வீட்டு வேலையிலிருந்து ஒருவரை நிறுத்தினார். அபோட் அவரையே தன் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்! சிரிக்காதீர்கள். நம் ஏ பிளாக்கிலும் சி பிளாக்கிலும் இதே காரணத்துக்காகப் பேச்சு நின்ற வீடுகள் உண்டு. மேடையில் சேர்ந்து நடிப்பார்கள், கீழே இறங்கினால் பேசமாட்டார்கள். கடைசியில் அபோட்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். காஸ்டெல்லோவின் குழந்தை 1943-ல் நீச்சல் குளத்தில் விழுந்து இறந்திருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்காகக் காஸ்டெல்லோ எடுத்துச் செய்த நற்பணிக்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைக்கலாம் என்றார் அபோட். பகை அதோடு கரைந்தது. சிரிப்பால் சேர்ந்த ஜோடியைத் திரும்பச் சேர்த்து வைத்தது சிரிப்பு இல்லை, மற்றவர் வலி தெரிந்திருந்ததுதான்.

இப்போது என் கதை. 1989. அப்போது ஆம்பூரில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை அரை நாள்தான் வங்கி. தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் கூலிப் பணம் எடுக்கப் பையோடு வந்து நிற்கும். நோட்டு எண்ணுவது எல்லாம் கையால்தான். அப்படி ஒரு சனிக்கிழமை என் பக்கத்து கவுண்டர் கேஷியருக்கு இரண்டாயிரம் ரூபாய் குறைந்தது. ஒரு இருபது ரூபாய்க் கட்டு எங்கேயோ கூடப் போய்விட்டது. அன்றைக்கு அது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். கடன் வாங்கிக் கட்டினார். நானும் அவரும் தினம் ஒரே ரயிலில் காட்பாடியிலிருந்து போய் வருகிறவர்கள். ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

வருஷக் கடைசியில் ஊழியர் மன்றத்தில் நாடகம். அவர் ஜமீன்தார், நான் கணக்குப்பிள்ளை. பெட்டியைத் திறந்து பணத்தை எண்ண வேண்டிய இடம். நான் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்தேன். "எஜமான் எண்ணினால் இரண்டாயிரம் குறையும், நான் எண்ணட்டுமா?" கிளை மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். நாடகத்தைக் கடைசி வரை ஒழுங்காக நடித்துக் கொடுத்தார்.

மூன்றாவது வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். பணம் குறைந்த விஷயத்தை அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை முதல் அவர் வேறு பெட்டியில் ஏறினார். அடுத்த ஆண்டே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதினோரு வருஷம் கழித்துக் காட்பாடி ஸ்டேஷனில் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். கோபமாகப் பேசவில்லை. "ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருக்கலாம்பா. வீட்ல சொல்லிட்டு, அந்த வரிய நானே சொல்லியிருப்பேன். இன்னும் நல்லா சொல்லியிருப்பேன்" என்றார். அது உண்மை. அவர் என்னைவிட நல்ல நடிகர்.

நண்பர்களே, பற்று ஒன்று எழுதினால் எங்கேயோ வரவு ஒன்று இருக்க வேண்டும் என்பது கணக்கியலில் முதல் பாடம். கேலிக்கும் அதுதான் விதி. கைதட்டல் ஒருவர் பக்கம் வரவு என்றால், யாரோ ஒருவர் பக்கம் பற்று விழுகிறது. அவர் தெரிந்து, சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது நகைச்சுவை. இல்லையென்றால் அது மோசடிக் கணக்கு.

அடுத்த நாடகத்துக்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன். ஒன்று, யாரைக் கேலி செய்கிறோமோ அவரிடம் அந்த வரியை முன்கூட்டியே படித்துக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அடித்துவிட வேண்டும். இரண்டு, மேடையில் புது வரி தோன்றினால் பாத்திரத்தைத் தாக்கலாம், நடிக்கிற ஆளைத் தாக்கக் கூடாது. முக்கியமாக, கைசுத்தம் பற்றிய கேலி வேண்டவே வேண்டாம். சம்பளம் இல்லாமல் சங்கக் கணக்கு எழுதுகிறவருக்கு நாம் கொடுக்கும் ஒரே கூலி நம்பிக்கைதான். மூன்று, மனக்கசப்பு வந்தால் அன்றிரவே தீர்க்க வேண்டும். வங்கியில் அன்றைய கணக்கு டாலி ஆகாமல் வீட்டுக்குப் போகமாட்டோம்.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கைதட்டல் ஆசையில் நாக்கு முந்திக்கொண்டது. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. நேற்று என்னிடம் வந்து, பொருளாளர் வீட்டுக் கதவைத் தட்டப் பயமாக இருக்கிறது என்றார். நான் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போன கோடையில் வந்த லாரிகளின் ரசீதுகளைப் பொருளாளர் தேதி வாரியாக ஒட்டி வைத்திருக்கிறார். நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு ரூபாய் வித்தியாசம் கிடையாது. இதை இந்த மைக்கில் சொல்ல வேண்டியது என் கடமை. அந்த வரியும் இதே மைக்கில்தான் போனது.

பொருளாளர் சார், கடிதத்தைச் செயலாளர் இன்னும் பதிவேட்டில் ஏற்றவில்லை. தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பொங்கலுக்கு நீங்கள் மந்திரி, தம்பி ராஜா. என் காது கேட்கும் கருவியை வைத்து எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இப்போதே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.