பழைய கணினிக்குப் புது வேலை
(காஞ்சிபுரத்தில் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிலரங்கில் ஆற்றிய உரை)



தறியின் அச்சு தேய்ந்தால் நம் ஊரில் அச்சைத்தான் மாற்றுகிறார்கள். தறியைத் தூக்கி எறிவதில்லை. பள்ளிக் கணினி மெதுவானால் மட்டும் அதைத் துணி போட்டு மூடிவிடுகிறோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்ல வழி.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே, விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அதைத் திறந்து பார்த்தோமா என்பதே கேள்வி.

இனி, செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. தலைமையாசிரியரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள ஆய்வகக் கணினிகளைத் தொடவேண்டாம். மதிப்பெண் பட்டியல், மாணவர் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

2. உடனே நிறுவாதீர்கள். 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். வன்தட்டில் எதுவும் மாறாது. ஒலி, இணையம், அச்சுப்பொறி, புரொஜெக்டர் நான்கும் வேலை செய்தால் மட்டுமே நிறுவுங்கள்.

3. நினைவகம் 2 ஜிபி என்றால் லுபுண்டு. 4 ஜிபி என்றால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. நீண்டகால ஆதரவுள்ள பதிப்பையே எடுங்கள்.

4. மாணவருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் ஆசிரியரிடமே இருக்கட்டும்.

5. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐச் சேருங்கள். பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ள பழைய வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றுங்கள். வேர்டு கோப்புகள் லிப்ரே ஆபீஸில் திறக்கும். ஆனால் பக்க அமைப்பு சற்றே நகரலாம். அச்சுக்கு அனுப்புமுன் பிடிஎஃப் ஆக்கிச் சரிபாருங்கள்.

6. தொடக்க வகுப்புகளுக்கு ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயிண்ட், கணக்கிற்கு ஜியோஜீப்ரா, வானியலுக்கு ஸ்டெல்லேரியம். நான்கையும் வகுப்பறையில் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

7. கணினிகளில் ஒன்றை சர்வராக வையுங்கள். அதில் கிவிக்ஸ் மென்பொருளையும் தமிழ் விக்கிப்பீடியா கோப்பையும் ஏற்றினால், இணையம் இல்லாத நாளிலும் ஆய்வகம் முழுவதும் படிக்கலாம். சர்வருக்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள். ஆர்சிங்க் கொண்டு அன்றாடம் வேறொரு வட்டில் நகல் எடுங்கள். மின்தடைக்கு யுபிஎஸ் அவசியம்.

சிக்கல் வந்தால் தமிழிலேயே கேட்க ஆள் உண்டு. நம் ஊரின் பெயரிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது.

வீட்டில் தறி உண்டு, கணினி இல்லை என்ற நிலையில் வரும் பிள்ளைக்கு, பள்ளியில் இருப்பதே முதல் விசைப்பலகை. பத்துக் கணினியில் ஆறு இயங்கினால் ஒரு கணினிக்கு ஐந்து பேர் காத்திருக்கவேண்டும். பத்தும் இயங்கினால் மூன்று பேர்தான். இந்த வாரம் ஒரே ஒரு கணினியின் துணியை விலக்கிப் பாருங்கள்.