கூண்டுக்குள் ஒரு நாடோடி

வீட்டுக் கூண்டுகளில் கீச்சிடும் சிறு கிளிகளைத் தமிழர் பலர் ‘லவ் பேர்ட்ஸ்’ என்பர். அப்பெயருக்கு உரியவை ஆபிரிக்கக் கிளிகள். இவையோ அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்குரிய பஜரிகர்கள்.

அங்கே இவற்றுக்கு நிலையான இருப்பிடம் இல்லை. மழை பெய்த இடத்தில் புல் விளையும். அப்புல்லின் விதையை நாடி ஆயிரக்கணக்கில் திரண்டு பறக்கும். யூக்கலிப்டஸ் மரப்பொந்துகளில் முட்டையிடும். இயற்கை நிறம் பச்சையும் மஞ்சளுமே.

1840இல் பறவையியல் அறிஞர் ஜோன் கூல்ட் உயிருள்ள பஜரிகர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். நீலமும் வெள்ளையும் பின்னர் வளர்ப்போர் தெரிந்தெடுத்துப் பெருக்கிய நிறங்கள்.

நிறம் மாறினும் இயல்பு மாறவில்லை. தனித்த பறவை கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடு கொஞ்சுகிறது. மனிதர் குரலைப் பயின்று பேசுகிறது. கூட்டத்தோடு குரலொத்து வாழும் இயல்பே அது. ஆதலின், வளர்க்க விரும்புவோர் ஒன்றைத் தனியே அடைக்காது, துணையும் சிறகு விரிக்க இடமும் அளித்தல் கடன்.