ஈயக் குண்டா, எஃகுக் குண்டா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம் பற்றிப் பேச வேண்டிய மேடையில் இவன் வாத்து வேட்டையைப் பேசுகிறானே என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுங்கள். விஷயம் மலிவான நஞ்சைப் பற்றியது.

அமெரிக்காவில் வாத்து சுடுவோர் பல தலைமுறைகளாக ஈயக் குண்டுகளையே பயன்படுத்தினர். ஒரு தோட்டாவில் மிளகிலும் சிறிய குண்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கும். பறவைமேல் படுபவை சில. மற்றவை சதுப்புச் சேற்றில் விழும். கோழி அறுக்கும் தாய்மார்கள் அதன் இரைப்பையில் சிறு கற்களைக் கண்டிருப்பீர்கள். பல்லில்லாப் பறவைக்கு அதுதான் அம்மி. வாத்தோ கல்லென்று எண்ணி ஈயத்தையும் விழுங்குகிறது. அம்மி அரைக்க அரைக்க ஈயம் கரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. சிறகு தொங்கி, உடல் மெலிந்து, சில வாரங்களில் சாகிறது. அதைத் தின்னும் கழுகுக்கும் அதே கதி. வேட்டைக்காரன் குறிவைக்காமலே செத்த பறவைகள் இவை!

வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு 2 அல்லது 3 ஆண்டுதோறும் இவ்வாறு மடிவதாக பிராங்க் பெல்ரோஸ் என்ற அறிஞர் 1959 இல் கணக்கிட்டார். நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்குத் தடை வந்ததோ 1991 இல்! முப்பத்திரண்டு ஆண்டுகள், தோழர்களே. மாற்றுச் சரக்கு விலை அதிகம், வேலைக்கு உதவாது என்றார்கள். 2020 இல் நம் நாட்டில் தடையாகும்வரை பாராகுவாட் மருந்துக்கும் இதே பாட்டைத்தானே கேட்டோம்?

எஃகில் குறையே இல்லையென்று நான் சொல்லவில்லை. அது ஈயத்தைவிட இலேசு; ஆகையால் இரண்டு அளவு பெரிய குண்டாக எடுத்து, கிட்டத்தில் சுட வேண்டும். பழைய துப்பாக்கியின் குறுகிய குழல்வாயை அது கெடுத்துவிடலாம். அத்தகையோருக்கு பிஸ்மத் குண்டு உண்டு. மென்மையானது, விலைதான் கடிக்கும். ஆனால் பலனைப் பாருங்கள்: தடைக்குப் பின், 1997 இல் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் 14 லட்சம் வாத்துகள் ஈய நஞ்சிலிருந்து தப்பியதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். டென்மார்க் 1996 இல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடைசெய்தது.

கூட்டத்துக்கு முன் ஒரு தோழர் என்னைக் கேட்டார்: "கறி நறுக்கும்போது குண்டைப் பொறுக்கி எறிந்தால் போதாதா கிராணியாரே?" போதாது, அண்ணே. ஈயம் எலும்பில் மோதியதும் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சதையில் சிதறிவிடுகிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. குழந்தைக்கு இவ்வளவு ஈயம் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவு எதையும் மருத்துவர்கள் இதுவரை கண்டதில்லை.