முகமில்லாத உருவமும் கழுத்துச் சட்டியும்

(திருவொற்றியூரில் ஓவியம் பயிலும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பின்சுவர்ல மாட்டியிருக்கிற படத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். காலையிலேர்ந்து அதுக்கு முன்னால நின்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கீங்க. சுவரிலிருந்து உரித்த போஸ்டர், அதன்மேல் சிமெண்ட் பைக் காகிதம், அதற்கும் மேலே மெல்லிய எண்ணெய்த் தாள். கரி, சாம்பல், கொஞ்சம் நீல மசி. ஏழு உருவங்கள் குனிந்து நிற்கின்றன. ஒன்றுக்கும் முகமில்லை. ‘நம்ம ஜனங்களுக்கு ஏற்கெனவே முகம் இல்ல, நீயும் ஏன்யா அழிக்கிற?’ன்னு ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. சம்பளப் பதிவேட்டில் கைநாட்டாகவும் நம்பராகவும் மட்டுமே இருந்தவர்களின் பேரப்பிள்ளை கேட்கிற கேள்வி.

ஆனா முகத்தை வரைஞ்சுட்டா மட்டும் பிரச்சினை தீர்ந்துடுமா? மெரினாவில் 1959இல் வைத்த ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். நான்கு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். முகம் இருக்கு, முறுக்கேறிய தசை இருக்கு. ஆனால் உழைப்பாளி என்ற அந்தப் பொதுச்சொல்லுக்குள் சாதி கரைந்துபோகிறது. மலக்குழிக்குள் இறங்குகிற உழைப்பு அந்த வெண்கலத்தில் எங்கே இருக்கு?

இன்னொரு பக்கம் நம்ம சென்னை நவீன ஓவியம். 1966இல் சோழமண்டலத்தை உருவாக்கிய பணிக்கர், 1963 முதலே ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை வரைந்துவந்தார். ஜாதகக் கட்டம், வாசிக்க முடியாத எழுத்து. பெரிய ஓவியர், சந்தேகமில்லை. ஆனால் ‘நம் மரபு’ என்று அவர் எடுத்தது ஜாதகத்தை. ஜாதகம் யார் வீட்டுப் பெட்டியில் இருந்தது? அரூபம்னா சாதி இல்லாத இடம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இப்போ சவி சாவர்க்கர். பேரைக் கேட்டுப் பதற வேண்டாம், இவர் வேற. 1961இல் நாகபுரியில் பிறந்த தலித் ஓவியர். அவருடைய எச்சிங்குகளிலும் கோட்டோவியங்களிலும் உருவங்கள் சிதைந்தே இருக்கும். சில தடித்த கோடுகள், அவ்வளவுதான். ஆனால் கழுத்தில் சட்டி தொங்கும். துடைப்பம் இருக்கும். பேஷ்வாக்களின் புனேயில் தீண்டப்படாதவன் எச்சிலைத் தரையில் துப்பக்கூடாது என்று சட்டி, காலடித் தடத்தைப் பெருக்கிக்கொண்டே போகத் துடைப்பம். அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதியதுதான். அடையாளம் காட்டும் முகத்தைச் சவி சிதைக்கிறார், சாதி மாட்டிவிட்ட பொருளை விடுவதில்லை. அவமானம் தனி ஆளுடையதல்ல, அமைப்புடையது என்று அந்தச் சட்டி சொல்லிவிடுகிறது.

காகிதத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். வங்காளத்தின் சோம்நாத் ஹோர் 1943 பஞ்சத்தை வரைந்தவர், 1946இல் தேபாகா விவசாயிகளை வரைந்தவர். எழுபதுகளில் அவர் செய்த ‘காயங்கள்’ வரிசையில் மனித உருவமே காணாமல் போய்விட்டது. களிமண்ணைக் கிழித்து, குத்தி, அதிலிருந்து சிமெண்ட் அச்செடுத்து, அதன்மேல் காகிதக் கூழை அழுத்தினார். வெள்ளைக் காகிதமே காயம்பட்ட தோலாகிவிட்டது. ஆக, காகிதம் வெறும் தளமல்ல.

இனி நம்ம படம். இடது ஓரத்து உருவத்தின் கையில் ஒரு பிளாஸ்டிக் மக். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மக்கையும் வாளியையும் வைத்து அதை மொண்டு ஊற்றியது யார் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சவியிடம் சட்டி எதுவோ அதுதான் இந்த மக். அந்த உருவத்துக்கு முகம் தேவைப்படல. மத்த ஆறு உருவத்தின் கையில் என்ன? ஒண்ணுமில்ல. அங்கேதான் வரைஞ்ச தம்பியோட முரண்படறேன். அவை எந்த ஊர் கேலரியிலும் சும்மா தொங்கலாம்.

உங்க சண்டையில யாரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. அடியில் இருக்கிறது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கிட்டப்போய்ப் பாருங்க. சிமெண்ட் காகிதத்துக்குக் கீழே மாலை போட்ட போட்டோவில் பாதி நெற்றியும் ஒரு கண்ணும் தெரியுது. இந்தப் படத்தில் முகமே இல்லைன்னு யார் சொன்னது? மூடினது போதும்னு தோணுதா, இல்ல இன்னும் கொஞ்சம் கிழிக்கணும்னு தோணுதா? தம்பி, நீ வந்து சொல்லு.