லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகல

இன்னைக்கு எபிசோடு கார் பேட்டரி பத்தி. இன்னும் சரியா சொன்னா, பேட்டரி டெர்மினல் மேல உப்புப் பூத்த மாதிரி வருமே, வெள்ளையாவும் பச்சையாவும் ஒரு பொடி, அதைப் பத்தி.

நம்ம அரக்கோணத்துல நிறைய கார்களோட வாழ்க்கை எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. காலையில வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ரெண்டு, மூணு கிலோமீட்டர். அப்புறம் ஓனர் ட்ரெயின் ஏறி சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி சென்னைக்கு வேலைக்குப் போயிடுவார். கார் சாயங்காலம் வரைக்கும் வெயில்ல நிக்கும். ஞாயிறு அல்லது கிருத்திகைக்கு மட்டும் குடும்பத்தோட திருத்தணி மலை. பேட்டரிக்கு இதைவிட மோசமான அட்டவணை கிடையாது. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் நிறைய கரண்ட் செலவாகுது. அதைத் திரும்ப ஏத்துற அளவுக்கு வண்டி ஓடறதே இல்ல.

அதோட வெயில். கோடையில தமிழ்நாட்டு வெப்பநிலைப் பட்டியலைப் பார்த்தீங்கன்னா, 40 டிகிரி தாண்டுற ஊர்கள்ல திருத்தணி பேர் அடிக்கடி வரும். பேட்டரின்னா பனிக்காலத்துலதான் மக்கர் பண்ணும்னு வெளிநாட்டு வீடியோக்கள்ல சொல்வாங்க. நம்ம ஊருக்கு அது பொருந்தாது. இங்க பேட்டரியை அரிக்கிறது அக்னி நட்சத்திரம்தான்.

சரி, அந்தப் பொடி என்ன? பேட்டரிக்குள்ள இருக்கிறது ஈயத் தகடும் கந்தக அமிலமும். சார்ஜ் ஆகும்போது வாயுவோட சேர்ந்து கொஞ்சம் அமிலமும் துளியா, ஆவியா வெளிய கசியும். அது ஈயத்துல பட்டா வெள்ளைப் பொடி. கேபிளோட செம்புல பட்டா நீலமும் பச்சையுமா, மயில்துத்தம் மாதிரி வரும். மாதிரி என்ன, மயில்துத்தமேதான். இந்தப் பொடி கரண்டைச் சரியா கடத்தாது. பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. டெர்மினலுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவுல பொடி சேர்ந்து 0.01 ஓம் தடை வந்திருக்குன்னு வெச்சுக்கோங்க. ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கும். அப்போ இழப்பு 0.09 வோல்ட். ஒண்ணுமே தெரியாது, லைட் பளிச்சுனு எரியும். ஆனா ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும். அதே தடையில 1.5 வோல்ட் போயிடும். அந்த நேரத்துல பேட்டரியே 11 வோல்ட்டுக்குக் கீழ இறங்கியிருக்கும். அதுல இன்னும் ஒன்றரை போனா, மோட்டார் சுத்தாது. டிக், டிக்னு சத்தம் மட்டும் வரும்.

மலை மேல கார் பார்க்கிங்ல, வீட்டுப் பெரியவங்க உள்ள உட்கார்ந்திருக்க, இந்த டிக் டிக் கேட்டா என்ன ஆகும்? உதவிக்கு வர்றவர், "பேட்டரி போச்சு, மாத்திடுங்க"ன்னு சொல்வார். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல செலவு. புது பேட்டரி மாட்டும்போது கிளாம்ப்பையும் சுரண்டித்தான் மாட்டுவாங்க. வண்டி உடனே ஸ்டார்ட் ஆயிடும். பேட்டரிதான் காரணம்னு நாமளும் நம்பிடுவோம். சில நேரம் உண்மையிலேயே பேட்டரிதான் காரணம். சில நேரம் அந்தச் சுரண்டல்தான்.

எதுன்னு கண்டுபிடிக்க சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்ல வெச்சு, ஒரு முனையை பேட்டரியோட ஈயக் கம்பத்துல வையுங்க, இன்னொண்ணைக் கிளாம்ப்புல வையுங்க. கூட இருக்கிறவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. அரை வோல்ட் காட்டினா இணைப்புலதான் கோளாறு. ரெண்டு பக்கமும் பாருங்க.

இப்போ சுத்தம் பண்றது. இன்ஜின் ஆஃப், சாவி வெளிய. கையில மோதிரம், காப்பு இருந்தா கழட்டி வெச்சிடுங்க. கையுறை, கண்ணாடி போட்டுக்கோங்க. பக்கத்துல சிகரெட், தீப்பெட்டி எதுவும் வேண்டாம். பேட்டரியிலிருந்து வர்ற ஹைட்ரஜன் தீப்பிடிக்கும்.

முதல்ல மைனஸைக் கழட்டுங்க, அப்புறம்தான் பிளஸ். காரணம் இருக்கு. காரோட பாடி முழுக்க மைனஸோட சேர்ந்திருக்கு. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ல வெச்ச ஸ்பேனர் பாடியில பட்டா, பெரிய ஷார்ட். மைனஸைக் கழட்டிட்டா அந்தப் பயம் இல்ல. பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் சரியா இருக்கும். கிளாம்ப் வரலேன்னா சுத்தியலால தட்டாதீங்க, மெதுவா அசைச்சு எடுங்க.

ஒரு டம்ளர் வெந்நீர்ல ஒரு ஸ்பூன் ஆப்பசோடா. பழைய டூத்பிரஷ்ஷால தொட்டுத் தேய்ங்க. நுரைக்கும், அமிலத்தை சோடா முறிக்குதுன்னு அர்த்தம். நுரை நிக்கிற வரைக்கும் தேய்ங்க. மேல மூடி இருக்கிற பேட்டரின்னா எல்லா மூடியும் இறுக்கமா இருக்கணும், சோடாத் தண்ணி உள்ள போகக் கூடாது. பொடியைக் காய்ஞ்ச நிலையில சுரண்டி வாயால ஊதாதீங்க. அதுல ஈயம் இருக்கு. குழந்தைங்க பக்கத்துல வேண்டாம், முடிச்சதும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்க.

அப்புறம் கொஞ்சம் நல்ல தண்ணி, காய்ஞ்ச துணி. கம்பத்தையும் கிளாம்ப்போட உள்பக்கத்தையும் உப்புத்தாளால தேய்ச்சு, ஈயம் மினுமினுன்னு தெரியணும். மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி. இறுக்கின பிறகு கையால திருப்பிப் பாருங்க, அசையக் கூடாது. அதுக்கு மேல வாசலின் மெல்லிசா பூசுங்க. காத்தும் ஈரமும் அண்டாது.

புது மாடல் கார்கள்ல மைனஸ் கிளாம்ப்போட ஒரு சின்ன சென்சார் இருக்கலாம். அதுல தண்ணி ஊத்தாதீங்க, நெம்பாதீங்க. பேட்டரியைக் கழட்டினா கடிகாரம், ரேடியோ செட்டிங் அழிஞ்சிடலாம், அதையும் எதிர்பாருங்க.

பொடி மறுபடி மறுபடி சீக்கிரம் வந்தா, அது ஒரு தகவல். வண்டி ஓடும்போது பேட்டரியில 15 வோல்ட்டுக்கு மேல காட்டினா சார்ஜ் அதிகமா போகுது, எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க. தண்ணி ஊத்துற பேட்டரியில கோட்டுக்கு மேல ஊத்தினாலும் அமிலம் வழியும். ஊத்தறது டிஸ்டில்டு வாட்டரா இருக்கணும். வீட்டுக் கேன் தண்ணி அது இல்ல.

எல்லாம் சுத்தம் பண்ணி, முழுசா சார்ஜ் ஏத்தி, ஒரு ராத்திரி விட்டுட்டுப் பாருங்க. 12.6 வோல்ட் பக்கம் நின்னா பேட்டரிக்கு இன்னும் உயிர் இருக்கு. 12.4-க்குக் கீழ இறங்கினா கடையில லோட் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அதுலயும் தேறலேன்னா தாராளமா மாத்துங்க. பழசைக் காயலான் கடையில போடாம, புதுசு வாங்குற கடையிலேயே கொடுங்க, விலையிலயும் கழிப்பாங்க. அதோட எடையில பாதிக்கு மேல ஈயம். எங்கயோ திறந்தவெளியில அதை உருக்கினா, அந்தத் தெருக் குழந்தைங்க ரத்தத்துலதான் போய்ச் சேரும்.

இந்த ஞாயிறு மலைக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் பாருங்க. பொடி இருந்தா அரை மணி நேர வேலை. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.