வேப்பமரத்தடியில் காத்திருந்த சாட்சி

இன்று சட்டப் பட்டம் பெறும் இளைஞர்களே,

அமர்வு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தவன் நான். குற்றப்பத்திரிகை தாக்கலானதும் வழக்கு பாதி முடிந்துவிட்டதாக ஊர் நினைக்கும். நீதிபதி குற்றச்சாட்டு வனைந்து, எதிரிக்குப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார். "இல்லை" என்பார் எதிரி. அந்த "இல்லை"யில்தான் எங்கள் வேலையே தொடங்கும்: எந்தச் சாட்சியை எந்தத் தேதிக்கு அழைப்பது, அழைப்பாணை கைக்குப் போய்ச் சேர்ந்ததா, சான்றுப் பொருள் வந்துவிட்டதா, மருத்துவர் மாற்றலாகி எந்த ஊரில் இருக்கிறார். வாதத் திறமைக்கு வேலை வருவதெல்லாம் அப்புறம்தான்.

ஒரு கொலை வழக்கு. கண்ணால் பார்த்த ஒரே சாட்சி, இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா. முதல் பஸ் பிடித்து வந்து, நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பார். முதல் தேதியில் நீதிபதி விடுப்பு. அடுத்த தேதியில் எதிரித் தரப்பு வாய்தா கேட்டது, நான் ஆட்சேபிக்கவில்லை. மூன்றாவது முறையும் அப்படியே. அன்று மாலை அவர் என்னிடம் சொன்னார்: "பார்த்தது மறக்கலை சாமி. பஸ் காசுதான் தீர்ந்துபோச்சு."

நான்காவது தேதிக்கு அவர் காரில் வந்து இறங்கினார்.

கூண்டில் ஏறி, "நான் எதையும் பார்க்கவில்லை" என்றார். பிறழ் சாட்சியாகக் கருத அனுமதி வாங்கி, நானே அவரைக் குறுக்கு விசாரணை செய்தேன். அவர் தலை நிமிரவே இல்லை. எதிரி விடுதலையானார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்து நிற்கும் சாட்சியை, சிறப்புக் காரணத்தைப் பதிவு செய்யாமல், விசாரிக்காமலே திருப்பியனுப்பக் கூடாது என்று அன்றைய நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம். எழுந்து நின்று சொல்லத்தான் தோன்றவில்லை.

இது என் ஒருவன் கதை அல்ல. வதோதராவின் பெஸ்ட் பேக்கரி வழக்கில் 14 உயிர்கள் போயின. சாட்சிகள் பிறழ்ந்தார்கள்; 2003இல் எதிரிகள் 21 பேரும் விடுதலையானார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் வழக்கை மகாராஷ்டிரத்தில் மறுபடி விசாரிக்கச் சொன்னது. அரசு வழக்கறிஞர் நடந்துகொண்ட விதத்தையும் கண்டித்தது. 2018இல் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அதே நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டம், மாநிலந்தோறும் அப்படியொரு திட்டம் வேண்டும் என்கிறது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலும் இரண்டு வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்கிறது. ஏட்டில் இருப்பதை வாய்திறந்து கேட்க ஆள் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரசு வழக்கறிஞர் காவல் துறையின் வக்கீல் அல்ல. கேஸ் கட்டில் எதிரிக்குச் சாதகமான தாள் ஒன்று கிடந்தால், அதையும் நீதிமன்றத்தின் முன் வைப்பது உங்கள் கடமை. சாட்சிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுக்காதீர்கள். எங்கே நிற்பது, எவ்வளவு நேரமாகும், படிக்காசு எங்கே வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்களில் சிலர் நாளை அரசுத் தரப்பில் நிற்பீர்கள். நீதிமன்றத்துக்குள் நுழையுமுன் மரத்தடியை ஒருமுறை பாருங்கள். தூக்குவாளியோடு யாராவது உட்கார்ந்திருந்தால், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். பிறகு உள்ளே போய், வாய்தாவுக்கு ஆட்சேபம் சொல்லுங்கள்.